கிரேனுக்கு என்ன வயசு?

கடைத்தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். எடை அளவு ஆய்வாளர் உத்தியோகம். பச்சைத் துணி பதித்த மரப்பெட்டியில் சோதனை எடைக்கற்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பினாலே போதும், காய்கறிக்காரரிலிருந்து ஆணி விற்பவர்வரை எல்லோருக்கும் கை தானாகத் தட்டைத் துடைக்கப் போகும். துடைத்துப் பயனில்லை. அவர் தட்டின் மேற்புறத்தைப் பார்க்கவே மாட்டார். கவிழ்த்து அடியில் பார்ப்பார். அடியில் ஒட்டிய காந்தத் துண்டு, மெழுகு உருண்டை, ஒருமுறை மென்று துப்பிய சூயிங் கம் என்று இருபது வருஷத்தில் அவர் பிடிக்காதது இல்லை.

தொழில் அப்படி, அதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்ட அவருக்குத் தெரியாது. அதுதான் சங்கடம். பால் பாக்கெட்டை வெட்டி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பார். மகள் தலைவலி என்றால், "எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்பார், பக்கம் மாறுகிறதா என்று.

மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவள் என்பதால் வீட்டில் வாயாடுவதில் அவளுக்கு அவ்வளவு விருப்பம் கிடையாது. கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வாள்: "என்னை முதமுதல்ல பார்க்க வந்த அன்னிக்கே இவரு என் மூஞ்சியப் பார்க்கல. செருப்பு ஹீல்ஸ் எவ்வளவு உயரம்னு குனிஞ்சு பார்த்தாரு."

வீட்டில் இன்னும் இரண்டு பேர். தராசின் அப்பா, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு நேர்எதிர்; வாசலில் வழி கேட்டவரை உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். அப்புறம் பன்னிரண்டு வயது மகள். பெயர் எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் அவள் பொடிசு. பள்ளியின் சாஃப்ட்பால் அணியில், ஓடிவருகிறவர்கள் தொட வேண்டிய இரண்டாவது பேஸைக் காப்பவள்.

விவகாரம் சாஃப்ட்பாலில்தான் தொடங்கியது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்களுக்கான இறுதிப் போட்டி. எதிர் அணியில் பந்து வீச வந்த பெண்ணைப் பார்த்ததும் மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு உயரம். கிரேன் என்று அவளுக்குப் பட்டப்பெயர். மாதுளம்பழம் அளவுள்ள அந்தப் பந்தைக் கையைக் காற்றாடிபோலச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து அவள் விட்டால், மட்டையோடு நிற்கிற பெண் கண் சிமிட்டுவதற்குள் அது பின்னால் இருப்பவளின் கையுறையில் போய் அறையும். பொடிசு மூன்று முறை மட்டை பிடித்தாள். மூன்று முறையும் பந்தைத் தொடாமலே வெளியேறினாள். அணி தோற்றது.

"பன்னண்டு வயசாமே!" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த மருந்துக்கடைக்காரர். அவர் மகளும் பொடிசின் அணி. "என்ன சார் சொல்றீங்க? நீங்க எடை போட்டா எவ்வளவு வரும்?"

தராசு கைப்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, கிரேன் மட்டையை ஊன்றி நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தார். மட்டையின் நீளம் எழுபத்தொன்பது சென்டிமீட்டர் என்பது அவருக்குத் தெரியும். அடிக்கோலை வைத்துப் படத்தில் மட்டையை அளந்தார், பெண்ணை அளந்தார், விகிதம் போட்டார். நூற்று எழுபது வந்தது. தன்னைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகம். அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பக்கத்தில் விளையாட்டுச் சங்கத்துக்குப் புகார் எழுதினார். பெண்ணின் வயதைச் சந்தேகிக்கப் பதினொரு காரணங்கள். புகாரைப் போட்டி முடிந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுச் சொதப்பிவிடக் கூடாதே என்று, தகவலை இன்னும் பலப்படுத்திக் கொடுக்க எண்ணிக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ரயில் பயணம் வந்தது. அது அப்பாவின் வெகுநாள் ஆசை. முப்பத்தைந்து வருஷம் அந்தப் பாதையில் உள்ள ஊர்களின் பெயர்களைப் பார்த்துப் பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பு அலமாரிக் குழிகளில் போட்டவர், அதில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. கடற்கரையில் இருக்கிற கடைசி நிலையம்வரை ஒரே ரயிலில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போக வேண்டும். மகன், மருமகள், பேத்தி எல்லோரும் கூட வர வேண்டும். பயணச்சீட்டையும் அவரே எடுத்தார்.

காலை ஏழரைக்கு ரயில் ஏறினார்கள். ஆறு பேர் உட்காரும் தடுப்பு. இவர்கள் நான்கு பேர். எதிரில் இரண்டு இருக்கை காலி. தராசு ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார், பெட்டிகளைச் சங்கிலியால் கட்டினார், தேநீர் கொண்டுவந்தவரிடம் குவளை எத்தனை மில்லி என்று கேட்டார். இரண்டாவது நிலையத்தில் ரயில் நின்றபோது ஒரு பெண்மணி பையோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், கதவு நிலையில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு, கிரேன் வந்தாள்.

"ஏய்!" என்று கத்திக்கொண்டு பொடிசு எழுந்து ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள்.

தராசுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. இத்தனை பெட்டி, இத்தனை இருக்கை இருக்கிற ரயிலில் இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? அதைவிட, இவள் எப்படி அவளைக் கட்டிக்கொள்கிறாள்? தோற்ற அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடாதவளாயிற்றே! அப்பாவிடமிருந்து பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தார். ஆறு பெயர்கள், ஒரே சீட்டில்.

"என்னப்பா இது?"

"ஃபைனல் முடிஞ்சதுலருந்து ரெண்டும் ஃபிரெண்டு. தினம் போன்ல பேச்சு. அந்தப் பொண்ணோட தாத்தா வீடும் கடலோரத்துலதானாம், லீவுக்குப் போறாங்களாம். சேர்ந்து போகலாமேன்னாங்க, எடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்ருவியா? அவங்க பூர்வீகத்தையே தோண்டிட்டுத்தான் டிக்கெட் எடுக்க விடுவே."

தராசு சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. சரி, தானாக வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், நாளை மதியம்வரை நேரம் இருக்கிறது. கடைக்காரர்களிடம் அவர் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. முதல் அரைமணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார், கையைத் தராசுக்குக் கொண்டுபோக மாட்டார். அதையே செய்தார். கிரேனின் அம்மாவிடம் என்ன வேலை என்று விசாரித்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என்றார் அவர். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. கை விரல் நுனிகள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. கணவர் கப்பலில் வேலை, வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில். அதிகம் பேசாத அம்மாள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பிடிகொடுக்காமல். அதுவும் தராசுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் ஏன் இத்தனை அளந்து பேச வேண்டும்?

கிரேனோ கலகலவென்று இருந்தாள். தராசு கவனித்துச் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். காலணி ஒன்பதாம் எண். அம்மா தூக்கத் திணறிய பெட்டியை ஒற்றைக் கையால் மேல் தட்டில் வைத்தாள். சர்க்கரை போடாத தேநீர் கேட்டாள். பன்னிரண்டு வயசில் எந்தக் குழந்தை சர்க்கரை வேண்டாம் என்கிறது? தாத்தா மடித்து வைத்த செய்தித்தாளை எடுத்து விளையாட்டுப் பக்கத்தை மட்டுமல்ல, வானிலையையும் படித்தாள்.

"ஏம்மா, அந்தப் பெரிய வெள்ளம் வந்துதே, அப்போ நீ என்ன கிளாஸ் படிச்சே?" என்று பேச்சோடு பேச்சாக ஒரு தூண்டிலைப் போட்டார்.

"எந்த வெள்ளம் அங்கிள்?"

"ரயில் பாலமே அடிச்சிட்டுப் போச்சே, அது."

"அது எங்கம்மா ஸ்கூல் படிச்சப்போ வந்தது அங்கிள். நான் எப்படி?" என்று சிரித்தாள்.

உடனே வந்த பதில். ரொம்ப உடனே வந்துவிட்டது. சொல்லிக் கொடுத்துப் பழக்கியிருப்பார்களோ? அதையும் குறித்துக்கொண்டார்.

பகல் பதினொன்றுக்கு ரயில் ஒரு சந்திப்பில் நின்றது. தராசு மனைவியைக் கதவருகே தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு வாயைக் கொஞ்சம் பாரேன்."

"எதுக்கு?"

"பல்ல வெச்சு வயசு சொல்லலாம்னு நீதானே சொல்லியிருக்கே. கடைவாய்ப் பல்லு எத்தனைன்னு எண்ணிட்டு வா."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "லீவுல வந்திருக்கேன். ஒரு வாரத்துக்கு யார் வாயையும் நான் பார்க்கறதா இல்ல. உங்க வாயையும் சேர்த்துத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே தானே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். நடைமேடையில் ஒரு பொட்டலம் டாஃபி வாங்கினார், பல்லில் ஒட்டிக்கொள்ளும் ரகம். கடிக்க வாயை நன்றாகத் திறந்துதானே ஆக வேண்டும். கிரேனுக்கு நீட்டினார். அவள் நன்றி சொல்லி வாங்கி, காகிதத்தைப் பிரித்து, ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சப்பினாள். கடிக்கவே இல்லை. தராசு கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தார். இருக்கைக்குக் கீழே விழுந்த எதையோ தேடுவதுபோலக் குனிந்துகூடப் பார்த்தார்.

கிரேனின் அம்மா அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பினார். காலடியில் இருந்த பையைத் திறந்து ஒரு நீல நிற பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவித் தராசின் மடியில் வைத்தார். பிறப்புச் சான்றிதழ். வழவழவென்று லேமினேட் செய்தது. ஓரம் மட்டும் நைந்திருந்தது.

"நீங்க ஆறாவது ஆளு சார்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "வெள்ளத்துல ஆரம்பிச்ச முதல் ஆளு நீங்கதான். மத்தவங்க நேரா பல்லுக்கும் ஷூவுக்கும் வந்துடுவாங்க. பார்த்துக்கோங்க. காய்கறி வாங்கப் போனாக்கூட இதைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் போறேன்."

வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். தராசுக்கும் காது சூடேறத்தான் செய்தது. ஆனால் கையில் காகிதம் வந்துவிட்டதே! அவரையும் மீறிக் கை அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கியது. முத்திரை சரி. கையெழுத்து சரி. பிறந்த தேதியின்படி வயது பன்னிரண்டு வருஷம் ஏழு மாதம். பதிவு செய்த தேதி...

"பதிவு பண்ணினது பதினாலு மாசம் கழிச்சு" என்றார். சொல்லும்போதே அந்தக் குரலில் இருந்த திருப்தி அவர் காதிலேயே விழுந்தது.

"ஆமா. அப்பா கையெழுத்து வேணும்னாங்க. அவரு கப்பல்ல இருந்தாரு. ரெண்டு வாட்டி ஒரு நாளைக்குன்னு கரைக்கு வந்தாரு, ரெண்டு வாட்டியும் அந்த ஆபீசு லீவு. இதையும் கேட்காத ஆள் கிடையாது."

"சொல்றீங்க. ஆனா பதினாலு மாசம்னா..."

"அட, போதும்டா!" என்று அப்பா இடைமறித்தார். அந்த அம்மாளைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் அவர் பக்கம் திரும்பி, கைகளை விரித்துப் பேசினார். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கம்மா. காகிதத்துல தேதி முன்ன பின்ன இருக்கறது ஒரு விஷயமா? இவனையே நான் ஒன்றரை வருஷம் குறைச்சுத்தான் ஸ்கூல்ல போட்டேன். சின்ன வயசுல காய்ச்சல்ல கிடந்து ஒரு வருஷம் வீணாப் போச்சு. ஹெட்மாஸ்டர்தான் சொன்னாரு, தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுருங்க, பையன் பின்தங்கின மாதிரித் தெரியாதுன்னு. போட்டேன். இப்ப என்ன, குடியா முழுகிடுச்சு?"

அப்பா சொன்னது நல்லெண்ணத்தில்தான். அவருக்கு அது நாற்பது வருஷத்துக்கு முந்தைய சின்ன விஷயம். மகனிடம் சொல்லவில்லை என்பதுகூட நினைவில் இல்லை.

தராசின் முகத்தில் ஈயாடவில்லை. "என்னப்பா சொல்றீங்க?"

"உனக்குத் தெரியாதா? உங்கம்மா சொன்னதில்லையா?"

"எனக்கு நாப்பத்திநாலு."

"நாப்பத்தஞ்சரை" என்றார் அப்பா, தபாலை உரிய குழியில் போடுகிற நிதானத்தோடு.

பொடிசு அப்பாவையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் ஒரு கோப்பை இருக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் நூறு மீட்டர் ஓட்டம், முதல் பரிசு. அதைக் காட்டித்தான், குறுக்கு வழி இல்லாமல் ஜெயிப்பது எப்படி என்று அவளுக்கு அவர் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறார்.

"தாத்தா," என்றாள் மெதுவாக, "அப்போ அந்தக் கப்பு வாங்கினப்போ அப்பாவுக்குப் பதினஞ்சா?"

கிரேனின் அம்மா கையை நீட்டிச் சான்றிதழை வாங்கி, ஓரத்தைத் தடவிவிட்டு உறைக்குள் வைத்தார். தராசு எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார்.

வெயில் சாயும்வரை அங்கேயே நின்றார். வயலும் செங்கல் சூளையும் வீட்டுக் கொல்லைகளும் ஓடிக்கொண்டிருந்தன; எதுவும் கண்ணில் பதியவில்லை. முதலில் அப்பாமேல் கோபம் வந்தது. அப்புறம், அப்பா இதைப் பொய்யாகச் சொல்லியிருப்பாரோ, அந்த அம்மாளுக்காகச் சமாளித்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினார். ஆனால் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த பையனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். குச்சிக் கால்களும் தொளதொளத்த நிஜாரும் ஞாபகம் வந்தன. முகம் வரவில்லை.

பொடிசு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, பையில ஒரு லெட்டர் வெச்சிருக்கீங்கதானே? அவளைப் பத்தி."

"யார் சொன்னா?"

"நீங்க ஸ்கேல வெச்சு அவ ஃபோட்டோவ அளந்தப்பவே பார்த்தேன்." கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் மூணு தடவ அவுட் ஆனேன்ல. ஏன்னு ஒரு தடவயாவது என்கிட்ட கேட்டீங்களா?"

"ஏன்?"

"கண்ணை மூடிட்டேன்பா. மூணு தடவையும். பந்து வர்றப்போ பயமா இருந்துச்சு. அவளுக்கு எத்தன வயசா இருந்தாலும் கண்ண மூடினா எப்படி அடிக்கிறது? அதைச் சொல்லத்தான் அவளுக்கு ஃபோன் பண்ணினேன். அவ என்ன பண்ணினா தெரியுமா? பந்தை விடறதுக்கு முன்னாடி அவ கையை எங்க பார்க்கணும்னு சொல்லிக் கொடுத்தா. எதிர் டீம் பொண்ணு. யாராவது சொல்லிக் கொடுப்பாங்களா?"

சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்தான். அதில் என்ன உள்நோக்கம் இருக்கும் என்று தராசின் புத்தி ஒரு விநாடி ஓடித் தேடியது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது. அவர் மகளின் தலையில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை; சாய்ந்துகொள்ளவும் இல்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கும் இடத்தில் ஒரு வீறிட்ட அழுகை கேட்டது. கிரேன்தான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவ்வளவு பெரிய உருவம் இருக்கைகளுக்கு நடுவே தடதடவென்று ஓடிவந்தது. சொந்த அம்மாவைத் தாண்டி நேரே தராசின் மனைவியிடம் வந்து நின்றது.

"ஆன்ட்டி, பல்லு... பல்லு உடைஞ்சு போச்சு... ரத்தம் வருது..."

லீவாவது ஒன்றாவது. மனைவி சட்டென்று எழுந்து அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். கைக்குட்டையை மடித்து ஓரத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கிரேனின் உள்ளங்கையில் இருந்ததை எடுத்துத் துடைத்தாள்.

"உடையல கண்ணு. பால் பல்லு. கடைசியா ஒண்ணு மிச்சம் இருந்திருக்கு, விழுந்துடுச்சு. அடியில புதுப் பல்லு முனை தெரியுது. இதுக்கா இந்த அழுகை?"

"ஆடிட்டே இருந்துச்சு ஆன்ட்டி. நேத்து டாஃபிகூடப் பயந்து பயந்து சப்பினேன்."

மனைவி அந்தப் பல்லை விரல் நுனியில் வைத்துத் தராசின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அரிசிப் பொரியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே நான்கு மேடு. கீழே ஒன்றுமே இல்லை, குழிவாக இருந்தது.

"வேர் கரைஞ்சு போயிருக்கு, பார்த்துக்கோங்க. இது ஒட்ட வெச்சது இல்ல. வேணும்னா கவிழ்த்தும் பாருங்க."

"எந்த வயசுல விழும் இது?" அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பத்துலருந்து பன்னண்டு. சில பேருக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும்."

"எவ்வளவு தள்ளி?"

மனைவி பல்லைக் கிரேனின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள். அப்போதுதான் அவர் கண்ணில் கிரேன் பட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீளக் கால்களை மடக்கி இருக்கைமேல் வைத்து, முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள். பொடிசு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் முழுக்க அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் பார்த்தார்.

"சும்மா கேட்டேன்" என்றார். அசடு வழிந்தது.

கடைசி நிலையத்தில் இறங்கும்போது கிரேனின் அம்மாவின் பெட்டியை அவர் தூக்கப் போனார். "பரவாயில்ல சார், அவ தூக்கிடுவா" என்றார் அந்த அம்மாள். மகளும் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா நடைமேடையில் இருந்த தபால் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு எதிரே நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். மூன்று நாள் கடலில் குளித்தார்கள். நான்காம் நாள் ஊருக்கு ரயில் ஏறினார்கள். தராசு கடிதத்தைக் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. கெடு தேதி தானாகக் கடந்து போயிற்று.

ஆனால் விஷயம் அடங்கவில்லை. கெடுவுக்கு முந்தின நாள் மருந்துக்கடைக்காரர் தனியாக ஒரு புகார் கொடுத்திருந்தார். சங்கம் விசாரணைக்குத் தேதி குறித்தது. அவர் நேரே தராசின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும் சார். லேசுல எதையும் நம்பாத ஆளுன்னு ஊருக்கே தெரியும். உங்க சந்தேகத்துக்கு ஒரு மரியாதை இருக்கு."

"வர்றேன்" என்றார் தராசு.

விளையாட்டுச் சங்க அலுவலகத்தில் நீள மேசை, அதன் பின்னால் மூன்று பேர். கிரேனின் அம்மா நீல உறையோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தராசு உள்ளே வந்ததைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். சான்றிதழின் நகலைக் காட்டி, பதிவு தாமதமானதை மருந்துக்கடைக்காரர் எடுத்துச் சொன்னார். அப்புறம் தராசைக் கூப்பிட்டார்கள்.

"நானும் சந்தேகப்பட்டேன்" என்று ஆரம்பித்தார். "என் சந்தேகம் இவரோடதைவிடப் பெருசு. ஒன்றரை நாள் எதிர்ல உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பொண்ணுக்குக் கடைசிப் பால் பல்லு என் கண்ணு முன்னாடி விழுந்தது. வேர் இல்ல. என் வீட்டுக்காரி பல் ஆஸ்பத்திரியில இருக்கா, அவ பார்த்துச் சொன்னா. பொண்ணு உயரம், அவ்வளவுதான். உயரத்துக்கு அபராதம் போட எந்தச் சட்டத்துலயும் இடம் இல்ல."

மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த மூத்த அம்மாள், "அந்தப் பல்லு எங்க?" என்று கேட்டார்.

"அவகிட்ட இருக்கு. கேட்டா குடுக்க மாட்டா."

புகார் தள்ளுபடியாயிற்று. வெளியே படிக்கட்டில் கிரேனின் அம்மா அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று தராசு நினைத்தார்.

"நீங்களும் எழுதி வெச்சிருந்தீங்களா சார்?"

பொய் சொல்லிவிடலாம்தான். "எழுதினேன். குடுக்கல."

"எத்தனை பக்கம்?"

"மூணு."

"மூணா?" அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். "மத்தவங்க எல்லாரும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டாங்க." சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். தராசால் முடியவில்லை. இருபது வருஷமாக அடுத்தவர் கல்லை நிறுத்தவர், சொந்தக் கல் குறைவு என்று தெரிந்தபின் எப்படித் தூங்குவார்? தன் பிறந்த தேதி தவறு, ஒன்றரை வயது கூட்டித் திருத்த வேண்டும் என்று அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் மனுவை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் வயசைக் குறைக்கத்தான் மனுப் போடுவாங்க, ரெண்டு வருஷம் கூட வேலை பார்க்கலாமேன்னு. கூட்டச் சொல்றவரை இப்பதான் பார்க்கறேன். என்ன சார் விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்ல. உண்மை அதுதான்."

"அது சரி. உண்மைதான். ஆனா எதுக்கு இப்போ?" அவர் குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம் ரிட்டயர் ஆகி ஏதாவது தராசு கம்பெனிக்குப் போறீங்களா? நம்மகிட்ட மறைக்காதீங்க."

மூன்று மாதம் துருவினார்கள். அவருடைய பழைய விடுப்புச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் தேநீர் குடித்து, கண்காணிப்பாளரின் பிள்ளைகளை விசாரித்து, தேதியையும் சொல்லிவிட்டு வந்தார். முடிவில் உத்தரவு வந்தது: போதிய ஆதாரம் இல்லை, மனுதாரரின் நோக்கம் தெளிவாக இல்லை, நிராகரிக்கப்படுகிறது. யாரோ தன்னை ஒன்றரை மாதம் பின்தொடர்ந்து மாலையில் எந்தக் கம்பெனிக்குப் போகிறார் என்று பார்த்ததாகவும் தராசு கேள்விப்பட்டார். அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னபோது மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள்.

"அப்போ உங்களுக்கு எத்தனை வயசுப்பா?" என்று கேட்டாள் பொடிசு, காலணி நாடாவை முடிந்துகொண்டே.

"ஆபீசுல நாப்பத்திநாலு. வீட்டுல நாப்பத்தஞ்சரை."

"ரெண்டுல எதுவா இருந்தாலும் பந்து பொறுக்கிப் போடலாம்ல? இன்னிக்கு அவ பஸ் ஏறி இங்க வர்றா. அவ போடப் போறா, நான் அடிக்கப் போறேன். பின்னாடி நிக்க ஆள் இல்ல."

கையுறையை மாட்டிக்கொண்டு அவர் போனார். கிரேன் விட்ட முதல் பந்து உள்ளங்கையில் அறைந்ததில் தோள்வரை விண்ணென்று தெறித்தது. பன்னிரண்டு வயசா இது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். பதினேழாவது பந்தில் பொடிசு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மட்டையில் பட்ட பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்துப் பட்டறைக் கூரையில் விழுந்தது. அதை எடுத்துவர அவர்தான் போக வேண்டியிருந்தது.